மெர்பாவ் பலகை போட்ட பஸ்

எங்கள் முதல் வீட்டுக்கு ஹாரன் இருந்தது, எஞ்சின் இல்லை. டயர்களில் இரண்டு காற்றுப் போனவை. பின்கதவைத் திறக்க வேண்டுமென்றால் யாராவது வெளியிலிருந்து உதைக்க வேண்டும். ஆனால் ஹாரனின் கறுப்பு ரப்பர் உருண்டையை அமுக்கினால், வால் மிதிபட்ட பன்றி போல ஒரு சத்தம் வரும். என் வீட்டுக்காரர் அந்தச் சத்தத்துக்காகத்தான் பஸ்ஸை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார் என்று நான் இன்றும் நம்புகிறேன். தரையை அவர் பார்க்கவே இல்லை.

அது 1951, மலாய் நாடு. லுக்குட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கல்யாணம் என்றால் மாலை மாற்றியது, தாலி கட்டியது, அவ்வளவுதான். லயம் எனும் வரிசை வீடுகளில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதில் என் மாமியார் செல்லம், இரண்டு நாத்தனார்கள், நான். என் வீட்டுக்காரர் வெளியே, அஞ்சடித் திண்ணையில் படுத்துக்கொள்வார். பகலில் ஆளுக்கொரு ரப்பர் மர நிரையில் பால் வெட்டப் போவோம். தேத்தண்ணி கொடுக்கும்போது அவர் விரல் என் விரலில் பட்டுவிட்டால், அன்று முழுக்க நான் வெட்டும் கோடு கோணலாகப் போகும். "ஏ புள்ள, மரத்துக்கு என்னா சிரிப்புக் காட்டுறே?" என்று பக்கத்து நிரையிலிருந்து கேட்பார்கள்.

என் மாமனார் அங்கே மண்டோராக, கூலிகளுக்குக் கங்காணியாக, இருந்தவர். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தைய வருடம், பால் நிறுக்கும் கொட்டகையில் வைத்துக் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டு ஆட்கள் அவரைச் சுட்டுவிட்டார்கள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். அத்தை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, வெற்றிலையை மட்டும் விடாமல், எல்லாரையும் அதட்டிக்கொண்டு இருந்தார்.

பிறகு முள்கம்பி வந்தது. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போகக் கூடாது என்று, சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் காலி செய்து, எல்லாரையும் ஒரே வேலிக்குள் கொண்டுவரச் சொல்லி அரசாங்கத்தின் உத்தரவு. வேலிக்குள் கட்டிய லயத்தில் அறைகள் போதவில்லை. ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, தோட்டத்துக் கணக்கரான பெரிய கிராணி திருநாவுக்கரசு எழுந்து அறிவித்தார். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு இப்போது வீடு கிடையாது. ஆண்கள் கொங்சி என்ற பொதுக் கொட்டகையில் மற்ற ஆண்களோடு தங்க வேண்டும். பெண்கள் தாய்வீட்டுக்குப் போக வேண்டும்.

என் தாய்வீடு நீலாய் பக்கத்துத் தோட்டத்தில். அங்கேயும் வேலி. அந்த வேலிக்குள் போய்விட்டால், புருஷனைப் பார்க்கக்கூட பாஸ் எழுதி வாங்க வேண்டும்.

"புது லயம் எப்ப ஐயா கட்டுவாங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"இந்த லயத்துக்கே பலகை பத்தல தங்கராஜு. அடுத்த வருசம் பாப்போம்."

"அப்ப நாங்களே ஒரு வீடு கொண்டாந்தா?"

பெரட்டே சிரித்தது. பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற வெள்ளைக்காரத் தொரையும் கேட்டுவிட்டார். எங்கள் தொரைக்கு நன்றாகவே தமிழ் வரும். கூலிகளிடம் கற்ற தமிழ் என்பதால், சாமியிடம் பேசினாலும் 'வா, போ' என்றுதான் பேசியிருப்பார்.

"என்னா வூடு? தலையில தூக்கிட்டு வர்றியா?"

"எப்படியோ கொண்டாறேன் தொரை."

தொரை யோசித்தார். அவருக்கும் அன்றைக்குப் பொழுது போகவில்லை போல. "கூரை வேணும். தரை வேணும். மண்ணுத்தரை கூடாது, டாக்டர் ஒத்துக்க மாட்டான். ஓட்டை இல்லாத பலகைத் தரை. அடுத்த சனிக்கிழமை சங்கு ஊதி கேட்டு மூடறதுக்கு முன்ன உள்ள வந்துடணும். வந்துட்டா அதான் ஒன் வூடு. வரல, பொஞ்சாதி நீலாய் போறா. சரியா?"

"சரி தொரை," என்றார் இவர். கையில் ஒரு ஆணிகூட இல்லாத மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை லுக்குட் கடைத்தெருவுக்குப் போனோம். அங்கே லியாக்கத் அலி பாய்க்கு ஒரு லாரிப் பட்டறை இருந்தது. பட்டறைக்குப் பின்னால், லாலான் புல்லுக்கு நடுவில், ஓடி ஓய்ந்த பஸ் ஒன்று கிடந்தது. பயங்கரவாதிகள் ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது, உடனே அகற்று என்று போலீசு அவரை நச்சரித்துக்கொண்டிருந்தது.

"பாய், இது ஓடுமா?"

"ஓடுனா ஒனக்கு ஏன் தம்பி சும்மா குடுக்குறேன்? இழுத்தா வரும்."

இவர் உள்ளே ஏறினார். ஹாரனை அமுக்கினார். அவர் முகத்தில் வந்த ஒளியை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. "இந்தா, இங்க வா. இதான் கூடம். இங்கன துணி காயப்போடலாம். பாயி விரிக்க எடம் எங்கன்னு காட்டுறேன் பாரு…" என்று பின்பக்கம் நடந்தவர், பேச்சு முடிவதற்குள் இடுப்புவரை காணாமல் போனார். தரை அப்படியே உளுத்துப்போயிருந்தது. கால்கள் பஸ்ஸுக்கு அடியில், புல்லில் நிற்கின்றன. மேல்பாதி பஸ்ஸுக்குள்.

அவர் அசையவில்லை. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "அடுப்பு இங்கன வச்சுக்கலாம்," என்றார்.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்தது.

"புருசன் விழுந்தா சிரிக்கக் கூடாது தங்கச்சி," என்றார் பாய். அவரே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

தோட்டத்து டிராக்டரை ஓட்டுபவர் மாயாண்டி அண்ணன். காய்ந்த மட்டை விழுந்தாலும் துப்பாக்கிச் சத்தம் என்று குனிந்துகொள்ளும் மனிதர். அவர்தான் பஸ்ஸை இழுத்துவந்து, பழைய லயத்துக்கு முன்னால் இருந்த பந்துத் திடலில் விட்டார். கூரை இருந்தது. இனித் தரைதான். ஒரு வாரத்துக்குள்.

பலகை கிடைத்தது ஒரு சீனரின் மரக்கிடங்கில். காட்டுக்குள் மரம் வெட்டத் தடை வந்ததால் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, கிடங்கை மூடிக்கொண்டிருந்தார். இவர் அந்த ஞாயிறு பொழுது சாயும்வரை அங்கே பலகை அடுக்கிக் கொடுத்தார். அதற்குக் கூலியாகத் துண்டுப் பலகைக் குவியலை அள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் தவுக்கே. எல்லாம் மெர்பாவ் மரம். குட்டையும் நெட்டையுமாக, பனைவெல்லத்தின் நிறத்தில். ஒரு துண்டைத் தூக்கினால் தோள் இறங்கிவிடும். கிளம்பும்போது தவுக்கே கூப்பிட்டு எச்சரித்தாராம்: "தண்ணி காட்டாதே. புது மரம். நனஞ்சா செவப்பா கக்கும். சட்டையில பட்டா சட்டை போச்சு."

அன்று சாப்பிடும்போது இவர் அதை எங்கள் எல்லாரிடமும் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். அத்தை வெற்றிலையை மென்றுகொண்டு அவரைப் பார்த்தார்.

திங்கட்கிழமை பால் வெட்டி முடித்து வந்ததும் வேலையைத் தொடங்கினோம். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது ஆணியும் வளைந்தது. பொழுது இறங்கும்போது தூண்டில் முள் விற்கும் கடை வைக்கிற அளவுக்கு வளைந்த ஆணிகள் எங்களிடம் சேர்ந்துவிட்டன. ஒரு பலகைகூடப் பதியவில்லை.

"இது மரமா? ரயில் தண்டவாளம்," என்றார்.

மறுநாள் லியாக்கத் அலி பாய் சைக்கிளில் வந்தார். ஹாண்டிலில் ஒரு பை. பைக்குள் கையால் திருகித் துளை போடும் கருவி ஒன்றும், துணி சோப்பு ஒன்றும். "மெர்பாவுல யாராவது நேரா ஆணி அடிப்பாங்களா? மொதல்ல தொளை. அப்புறம் ஆணிக்குச் சோப்பு. ரெண்டு பலகைக்கு நடுவுல நகம் நொழையற அளவு எடம் விடு, மழைக்காலத்துல மரம் உப்பும். நெருக்கி அடிச்சே, ஒரு நாளைக்குத் தரை எந்திரிச்சு நிக்கும்."

ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரித்துக்கொண்டோம். பலகையின்மேல் முழங்காலை ஊன்றி நான் துளை போடுவேன். கையைச் சுற்றச் சுற்ற, சுருள் சுருளாகச் சிவப்புத் தூள் எழும்பி மடியில் விழும். ஆணிகளைச் சோப்பில் உரசி ஒவ்வொன்றாக நீட்டுவேன். "ஆணி குளிச்சிட்டு வருது," என்பேன். "பவுடர் போடலியா?" என்பார். ஆணி சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கும். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் துண்டுப் பலகை என்பதால் ஒரு வரிசையில் மூன்று துண்டு, அடுத்ததில் நான்கு என்று ஒட்டி ஒட்டிப் போனோம். சக்கரம் துருத்திக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பெட்டி அடித்தோம். அதுவே நாற்காலி ஆனது. பஸ்ஸுக்கு ஸ்பிரிங்கு இன்னும் நன்றாக இருந்ததால், அவர் ஓங்கி அடிக்கும்போதெல்லாம் வீடு முழுக்க ஊஞ்சல் ஆடியது.

இதற்கு நடுவில் ஒன்றைக் கண்டுபிடித்தோம். கல்யாணமாகி முதல்முறையாக நாங்கள் இருவர் மட்டும் ஒரு கூரையின் கீழ் இருந்தோம்.

லயத்து அஞ்சடியிலிருந்து திடல் கூப்பிடு தூரம். சுத்தியல் சத்தம் கேட்கும்வரை எவருக்கும் எங்கள் நினைவு வராது. சத்தம் நின்றால் போதும்.

"டேய் தங்கராசு! ஆணி தீந்துபோச்சா?" இது அத்தை.

"மரம் முடிஞ்சு போச்சோ என்னமோ!" இது பக்கத்து வீடு.

"இல்ல, வேற வேலை நடக்குது போல!" இது அதற்கும் அடுத்த வீடு. பிறகு லயம் முழுக்கச் சிரிப்பு. நான் வெட்கத்தில் துளை இல்லாத இடத்தில் எல்லாம் துளை போடுவேன்.

புதன்கிழமை இவருக்கு ஒரு யோசனை வந்தது. பின்மூலையில் கடைசிப் பலகையை அடித்து முடித்திருந்தோம். அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சுத்தியலை இடது கையில் எடுத்து, வெறும் பலகையைத் தட்டத் தொடங்கினார். டக், டக், டக். ஆணி இல்லை, ஒன்றும் இல்லை. டக், டக். வலது கை சும்மா இருந்தது. அந்தக் கையால் என் முகத்திலிருந்த மரத்தூளைத் துடைத்தார்.

"என்ன பண்றீங்க?"

"வேலை பாக்குறேன். ஒனக்குக் கேக்கலியா?" டக், டக்.

வெளியே எவரும் கூப்பிடவில்லை. அத்தை யாரிடமோ பெருமையாகச் சொல்வதுகூடக் கேட்டது: "எம்மவன் ஒரு வேலையில எறங்கிட்டான்னா மூச்சு வுட மாட்டான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அவருக்கும் சிரிப்பில் தாளம் தப்பும், உடனே வெளியே யாராவது இருமுவார்கள், இவர் பதறிப்போய் இரண்டு தட்டுச் சேர்த்துத் தட்டுவார். வியாழனும் வெள்ளியும் அப்படித்தான். தரை முடிந்துவிட்டது, ஆனால் சத்தம் முடியவில்லை. என்னென்னவோ பேசினோம். ஜன்னலுக்குப் பச்சைத் துணி போடுவதா, பூத்துணி போடுவதா என்பதில் ஒரு மாலை முழுக்கச் சண்டை. இடது கை அசந்துபோனால் நான் வாங்கித் தட்டுவேன். அந்த மூலைப் பலகையில் பிறை பிறையாகத் தழும்பு விழுந்தது. அவ்வளவு கெட்டியான மரத்தில் தழும்பு விழ வேண்டும் என்றால், எத்தனை தட்டு தட்டியிருப்போம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் போன ஆண்டு இறந்தார். இப்போது நான் இருக்கும் சிரம்பான் லோபாக் வீட்டுக்கு மொசைக் தரை. அதில் எதைப் போட்டாலும் உடைகிறதே தவிர, ஒரு நல்ல சத்தம் வருவதில்லை.

சனிக்கிழமை வந்தது. கிராணியின் மனைவி வள்ளியம்மாதான் வேலிக்குள் நின்று, பஸ் வந்து சேர்ந்ததும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கதவைத் திறப்பதாக ஏற்பாடு. அவர் பிள்ளைகுட்டியோடு பூவும் பொட்டுமாக இருப்பவர். அதுவரை யாரும் உள்ளே காலை வைக்கக் கூடாது. அதனால் பின்கதவைச் சாத்தி, கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். நான் பால் டின்னோடு நடந்தேன். புதுவீட்டில் பால் பொங்க வேண்டுமே. டின் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடக் கூடாது என்று கடைக்காரர் அந்தக் காலத்தில் டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு நான் ஊர்வலத்தில் நடந்தேன்.

ஊர்வலம்தான் அது. டிராக்டரில் மாயாண்டி அண்ணன். பஸ்ஸில் முன்பக்கத் தனிக்கதவு வழியாக ஏறி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர். கூரைமேல் பத்துப் பதினைந்து பேர். ஏணியில் தொங்கியபடி இன்னும் கொஞ்சம் பேர். வளைவு வந்தாலும் வராவிட்டாலும் ஹாரன். ஒருவன் கூரையில் நின்று கண்டக்டர் மாதிரிக் கத்தினான்: "சிரம்பான், போர்டிக்சன், தங்கராசு வூடு! ஏறு, ஏறு!"

கேட்டுக்கு முன்னால் பாதை மேடாக ஏறும். அங்கே ஸ்பெஷல் கான்ஸ்டபிள் யூசோப் கையைக் காட்டி நிறுத்தினார். எங்களுக்குத் தெரிந்தவர்தான். அரிசி இருக்கிறதா, டின் இருக்கிறதா என்று பார்ப்பார், விட்டுவிடுவார். சிரித்துக்கொண்டேதான் பஸ்ஸைச் சுற்றிப் போனார். பின்பக்கம் போனவர் அப்படியே நின்றார்.

"டாரா!" என்று மலாயில் கத்தினார். "டாரா! டாரா!"

ரத்தம்.

பஸ்ஸின் பின்விளிம்பிலிருந்து கருஞ்சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் சொட்டு, அப்புறம் நூல். மண்ணில் ஓடிக் குளமாகத் தேங்கியது.

காவல் கொட்டகையிலிருந்து ஒரு வெள்ளைக்காரச் சார்ஜன் ஓடிவந்தான். அந்த வாரம்தான் வந்திருந்த சின்னப் பையன். துப்பாக்கிகள் சடசடவென்று ஏறின. கூரையில் இருந்தவர்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு மாம்பழம் உதிர்வது போலக் கீழே குதித்தார்கள். மாயாண்டி அண்ணன் டிராக்டரைவிட்டு இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. இருந்தார், அடுத்த நொடி இல்லை. நான் கையைத் தூக்கினேன். பால் ஓட்டை வழியாக முழங்கைக்கு வழிந்தது.

அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அந்தச் சொல்லை அவர் ஒருமுறை கேட்டிருக்கிறார், மாமாவைச் சுட்ட அன்று, பால் கொட்டகை வாசலில். முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. ஆனால் அவர் அந்தச் சொட்டைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார்ஜன் கயிற்றை அறுத்துக் கதவை உதைத்தான். உள்ளே தரை முழுக்க ஈரம். ஆள் இல்லை. யூசோப் குனிந்து, விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார். அவருக்கு மூச்சு வந்தது. "மெர்பாவ், துவான். எங்க ஊர் கம்பத்து வீடும் இந்த மரந்தான். தண்ணி பட்டா இப்படித்தான் ஓடும்."

அதற்குள் தொரையும் கிராணியும் வந்துவிட்டார்கள். சார்ஜன் தொரையிடம் இங்கிலீசில் பொரிந்தான். தொரை எங்களிடம் திரும்பினார். "மரந்தான், சரி. இன்னைக்கு மழை இல்ல. எவன் கழுவினான்? கேட்டுக்கு வர்றதுக்கு முன்ன எதுக்குக் கழுவினான்? எதைக் கழுவினான்? அவன் அதைக் கேக்கறான்."

இவர் முழித்தார். "நான் ஒரு சொட்டு வுடல தொரை. தவுக்கே சொன்னான், தண்ணி ஆகாதுன்னு."

சார்ஜன் மறுபடி உள்ளே போனான். இந்தத் தடவை கூப்பிட்ட குரல் வேறு மாதிரி இருந்தது. மூலைப் பலகையைக் கண்டுவிட்டான். மற்ற இடமெல்லாம் ஆணித் தலைகள் ஒழுங்காக இருக்க, அந்த ஒரு பலகையில் மட்டும் அடி அடியென்று அடித்த தழும்பு. தழும்பு விழுந்த இடத்தில் ஆணி எதுவும் இல்லை. பலகையைத் தட்டினால் அடியில் பொள்ளல் சத்தம். பிடுங்கித் திரும்ப அடித்திருக்கிறார்கள், அடியில் எதையோ வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டான். கடப்பாறை கொண்டுவரச் சொன்னான். தரை முழுவதையும் பெயர்க்கச் சொன்னான்.

கிராணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சங்கு ஊதப் போகும் நேரம். தரை பெயர்ந்தால் தரை இல்லை. தரை இல்லையென்றால் வீடு இல்லை. வீடு இல்லையென்றால் நான் நீலாய்.

"நாந்தான் கழுவுனேன்," என்றார் அத்தை.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் மஞ்சள்.

"எல்லாரும் லயத்துல சாமான் கட்டிக்கிட்டு இருந்தாங்க. கதவைக் கட்டறதுக்கு முன்னாடியே போனேன். மஞ்சத்தண்ணி ஊத்தித் தொடச்சு வுட்டேன். தாலி அறுத்தவ தெளிச்சா ஆகாதுன்னு சொல்லுவீங்க. அதான் யார்கிட்டயும் சொல்லல. மரத்துக்கு ஆகாதுன்னு இவன் சொன்னான். கேட்டேன். கேட்டா? எம்புள்ள குடியேற வீட்டை நான் கழுவாம எவ கழுவுவா?"

கேட்டுக்கு உள்ளே மாவிலைச் செம்போடு நின்ற வள்ளியம்மா தலையைக் குனிந்துகொண்டார். தொரை தொப்பியைக் கழற்றினார், பிறகு மெதுவாகச் சார்ஜனுக்குச் சொன்னார். சார்ஜனும் கொஞ்சம் இறங்கினான். ஆனால் மூலையைக் காட்டினான். அது என்ன?

"ஏய் தங்கராஜு, அது என்னா?"

என் வீட்டுக்காரர் காது நுனிவரை சிவந்துபோனார். தன் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வளைந்த ஆணி மாதிரி நின்றார். கடப்பாறை முனை, நாங்கள் நகம் நுழைய விட்ட இடைவெளியில் இறங்கியது. பலகை 'கிரீச்' என்றது.

நான் தொரையின் முன்னால் வாயைத் திறந்தவளே இல்லை. கிராணியைக் கண்டாலே தூணுக்குப் பின்னால் போகிறவள்.

"தொரை, பிடுங்காதீங்க! அது நாங்க சும்மா தட்டுனது!"

"சும்மா ஏன் தட்டறே?"

"சத்தம் வரணும்னுதான்."

"எதுக்குச் சத்தம்?"

"சத்தம் நின்னா லயத்துல இருக்கறவங்க கூப்புடறாங்க தொரை. எங்களுக்குத் தனியா பேச எடமில்ல. அதான் இவரு ஒரு கையால தட்டிக்கிட்டே இருந்தாரு." இவ்வளவு சொல்லிவிட்டேன், மிச்சத்தையும் சொன்னால் என்ன என்று தோன்றிவிட்டது. "கை வலிச்சா நான் தட்டுவேன்."

கூட்டத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"அடப்பாவி!" என்றார் அத்தை. "அதான் மூணு நாளா ஆணியே தீரலியா?"

அவ்வளவுதான். கையைத் தூக்கியிருந்தவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தொரை இருமினார், மீசையைத் துடைத்தார், சார்ஜனின் காதருகே போய் மொழிபெயர்த்தார். மெர்பாவ் நனைந்தால் எவ்வளவு சிவக்கும் என்பதை அந்தப் பையனின் முகத்தில் இன்னொரு முறை பார்த்தோம். இருந்தாலும் அவன் விடவில்லை. எப்படித் தட்டினீர்கள், காட்டு என்றான்.

என் வீட்டுக்காரர் சுத்தியலோடு உள்ளே போனார். மூலையில் உட்கார்ந்தார். இடது கையால் தட்டினார். டக், டக், டக். நடுவில் தாளம் தப்பியது. பதறிப்போய் இரண்டு தட்டுச் சேர்த்துத் தட்டினார்.

"இதான் தொரை!" என்று லயமே ஒரே குரலில் கத்தியது. "இதே சத்தந்தான்! தெனம் கேட்டோம்! இதேதான்!"

சார்ஜன் கடப்பாறையைக் கீழே போட்டான்.

டிராக்டரை எடுக்க மாயாண்டி அண்ணனைத் தேடினால் காணவில்லை. "தள்ளுங்கடா!" என்றார் கிராணி. அவர் வாயிலிருந்து 'டா' வந்து அன்றுதான் கேட்டேன். டிராக்டரை அவிழ்த்து ஓரம் தள்ளிவிட்டு எல்லாரும் பஸ்ஸுக்குத் தோள் கொடுத்தார்கள். யூசோப் துப்பாக்கியை முதுகில் போட்டுக்கொண்டு தள்ளினார். காற்றுப் போன டயர்கள் மேட்டில் ஏறவே மாட்டேன் என்றன. முன்னால் ஸ்டீயரிங்கில் இவர் உட்கார, பக்கத்தில் ஏறிக்கொண்டு ஹாரனை அத்தை எடுத்துக்கொண்டார். அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார். முன்சக்கரம் உள்ளே போனது. சங்கு ஊதத் தொடங்கியது. சங்குக்கும் ஹாரனுக்கும் போட்டி. சங்கு தேய்ந்து ஓய்வதற்குள் பின்சக்கரமும் உள்ளே விழுந்தது. ஹாரன்தான் ஜெயித்தது.

தொரை ஏறி வந்து தரையில் இரண்டு மிதி மிதித்தார். வீடு ஊஞ்சல் ஆடியது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இறங்கிப் பார்த்தால் வெள்ளைக் காலுறை சிவப்பு. "நல்ல தரை," என்றார். "கிராணி, எழுது. தங்கராஜு வூடு."

வள்ளியம்மா செம்பைக் கொண்டுவந்து அத்தையின் கையில் கொடுத்தார். "நீங்களே தெளிச்சு வுடுங்கக்கா."

அத்தை செம்பை வாங்கினார். மாவிலையை எடுத்தார்.

"சுடா, சுடா!" என்று யூசோப் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். போதும், போதும் என்று. "தண்ணி வேணாம் மக்சிக்! இன்னும் தண்ணி வேணாம்லா!"

அத்தை ஒரே ஒரு சொட்டைத் தெளித்தார், படியில். மிச்சத்தை என் தலையில் ஊற்றினார்.

டின்னில் மிஞ்சியிருந்த பால் கால் டம்ளர்கூட இல்லை. ஆனாலும் பொங்கியது. எல்லாரும் போன பிறகு, விளக்கேற்றும் நேரத்தில், நாங்கள் இருவரும் அந்த மூலையில் உட்கார்ந்திருந்தோம். கயிறு அறுந்த கதவை நான் சாத்தியிருந்தேன். கால்பாதம், உள்ளங்கை, என் புதுச்சேலை எல்லாம் சிவப்பு. இனிப் பேச வேண்டியதை மெதுவாகப் பேசலாம் என்பதாலோ என்னவோ, எங்களுக்குப் பேச்சே வரவில்லை.

வேலிக்குள் புது லயம் பக்கத்திலேயே இருந்தது.

"டேய் தங்கராசு!" என்று அத்தையின் குரல் வந்தது. "என்னடா, சத்தத்தக் காணோம்?"

லயம் முழுக்க ஓவென்று சிரித்தது. காவல் கொட்டகையிலிருந்து யூசோப்பின் சிரிப்பும் தனியாகக் கேட்டது.

அவர் சுத்தியலை எடுத்தார். மூலைப் பலகையில் ஒரே ஒரு தட்டு தட்டினார். பிறகு அதை ஜன்னல் வழியாக, வேலிவரை போய் விழும்படி, வெளியே வீசிவிட்டார்.

விடிந்ததும் பெரட்டுக்குப் போகும் வழியில் நான்தான் அதைப் பொறுக்கி எடுத்து வந்தேன். அதன் பிடி இன்றும் சிவப்பாகத்தான் இருக்கிறது.